உருளைக்குள் போன காசு

முதலில் ஒரு முனகல். பிறகு நார் பிளக்கும் மெல்லிய கிறீச்சிடல். பிறகு இரும்புப் பற்கள் ஒன்றையொன்று கௌவிக்கொண்டு சுற்றும் கடகடப்பு. இந்த வருடத் தேர்த்திருவிழாவில், கோயிலின் கார்த் தரிப்பிடத்தில் போட்டிருந்த கூடாரங்களுக்கு நடுவே, யாரோ ஒருவர் சக்கரத்தைக் கையால் சுற்றிக் கரும்புச் சாறு பிழிந்துகொண்டிருந்தார். நல்ல வெயில். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். எனக்கு மட்டும் முதுகுத்தண்டில் ஒக்டோபர்க் குளிர் ஏறியது.

பக்கத்தில் மச்சாள் நின்றார். என் கணவரின் அக்கா. பக்கத்து ஊரான லவாலிலிருந்து விடியவே வந்திருந்தார்.

"என்ன, நீர் குடிக்கேல்லையோ?"

"வேண்டாம் மச்சாள். பல்லுக் கூசும்."

அவர் தன் சாற்றைக் குடித்து முடித்தார். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். என்னைப் பார்க்காமல் தேரைப் பார்த்தபடி சொன்னார்: "வாற வெள்ளி உங்கட வீட்டை வாறன். அந்தக் காசை அவிழ்க்க வேணும்."

"எந்தக் காசு?"

எனக்குத் தெரியும். சும்மா கேட்டேன்.

"தம்பிக்கு முடிஞ்ச காசு. முருகனும் தரேல்லை, நானும் குடுக்கேல்லை எண்டு இவ்வளவு காலமும் அவரோட கோவிச்சுக்கொண்டு இருந்திட்டன். இனிக் காணும். கொண்டுபோய் உண்டியலிலை போட்டிட்டு என்ரை பாட்டிலை இருப்பம்."

நோய் வருத்தம் வந்தவருக்காகக் காசு முடிவது எங்கள் வழக்கம். காசை மஞ்சள் தண்ணீரில் கழுவி, மஞ்சள் பூசிய துண்டில் முடிந்து, சாமிப் படத்தின் முன் வைப்பது. முடிந்த கணத்திலிருந்து அது சாமியின் காசு. சுகமானதும் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை யாரும் தொடுவதில்லை. சுகமாகாவிட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

மச்சாள் முடிந்த காசு அந்த மஞ்சள் துண்டில் இல்லை. அது என் கைப்பையின் உட்பையில் கிடக்கிறது. வேப்பிலைபோல நீண்டு, தட்டையாய்.

*

என் கணவர் நசித்த காசு சேர்த்தார். அப்படித்தான் அதை நாங்கள் சொன்னோம். உல்லாசப் பூங்காக்களில், மிருகக்காட்சிச் சாலைகளில், அருவிக் கரைகளில் ஒரு யந்திரம் நிற்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு உருளைகள். கூலிக்குச் சில்லறை போட்டு, ஒரு சதக் காசை உள்ளே வைத்துக் கைபிடியைச் சுற்றினால், காசு நசிந்து நீண்டு, அந்த இடத்தின் படம் பொறித்து வெளியே விழும். காசிலிருந்த ராணியின் முகம் போய் அருவி வரும். ராணியின் முகம் போய்க் கரடி வரும்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாலு குடும்பம் ஒரு வான் வண்டியில் நயாகராவுக்குப் போனோம். எல்லோரும் ரீ-சேர்ட் கடைக்குள் புகுந்தார்கள். அவர் விலைத்துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாக வெளியே வந்தார். வாசலில் அந்த யந்திரம் நின்றது. அன்று தொடங்கியது.

"காசைக் குடுத்துக் காசை நாசமாக்கிற ஒரே மனிசன் நீங்கள்தான்," என்பேன்.

"சேர்ட் கிழியும். இது கிழியுமோ?"

சமையலறை யன்னலில் ஒரு பழைய கோப்பிப் போத்தல். அதற்குள் எங்கள் பயணங்கள் எல்லாம். மாலை வெயில் படும்போது போத்தல் முழுதும் கொதிக்கும் தேநீர் நிறமாகும். பக்கத்தில் இன்னொரு சிறிய போத்தல், இனி நசியப்போகும் சதங்களுக்கு. நாடு சதக் காசு அடிப்பதைக் கைவிட்ட பிறகு அது நிறையவில்லை. எங்கள் தெருமுனைப் பலசரக்குக் கடையின் தெப்பனேர்க்காரர் தன் மேசை லாச்சி மூலையில் கிடந்தவற்றை ஒருநாள் அள்ளிக் கொடுத்தார். அவை பிந்திய காலத்துக் காசுகள், மேலே மட்டும்தான் செம்புப் பூச்சு. நசித்தால் நடுவில் வெள்ளைக் கோடு கோடாய் வரும். அவர் அவற்றை நரைச்ச காசு என்பார். நரைத்ததைப் போத்தலுக்குள் சேர்க்கமாட்டார்.

வேலையிலும் அவருக்கு உருளைகள்தான். ஆஸ்பத்திரித் துணிகள் தோய்க்கும் தொழிற்சாலை. ஈரப் படுக்கை விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்துச் சூட்டு உருளைக்குள் கொடுக்க வேண்டும்; மறுபக்கம் மொரமொரவென்று வெளியே வரும். அங்கே ஒரேயொரு சட்டம். உருளை கௌவியதைப் பின்னுக்கு இழுக்கக்கூடாது. மடிப்பு விழுந்தாலும், விரிப்பு கிழிந்தாலும், விட்டுவிட வேண்டும். போகவிட்டு, மறுபக்கம் போய் எடுக்க வேண்டும். இழுத்த ஒருவரை அவர் கண்டிருக்கிறார். அந்தக் கதையை வீட்டில் ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கித் தன் கையைப் பார்ப்பார். பிறகு தண்ணீர் கேட்பார்.

*

நகரத்தின் வில்லரேப் பகுதியில் எங்கள் வீடு மேல்மாடி. வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படி. சில வருடங்களுக்கு முந்திய ஒரு குளிர்காலம் அவர் படியின் நடுவில் நிற்கத் தொடங்கினார். கைபிடியைப் பற்றிக்கொண்டு, தெருவைப் பார்ப்பவர்போல.

"என்னத்தைப் பாக்கிறியள்?"

"அந்த மேப்பிள் மரத்தை."

மரத்தில் ஓர் இலையும் இல்லை. பனி மட்டும் இருந்தது.

கோடையில் வைத்தியர் படம் கீறி விளங்கப்படுத்தினார். இதயத்தின் ஒரு வாசல் சரியாக மூடவில்லை. திறந்து திருத்த வேண்டும். பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். எங்கள் மகள் பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு மாற்றிச் சொன்னாள். பெரும்பாலும் என்பதை அவள் விட்டுவிட்டாள். எனக்கும் அவருக்கும் அந்த அளவு பிரெஞ்சு விளங்கும். இருவரும் விளங்காதவர்போல இருந்தோம்.

ஒக்டோபர் கடைசிச் செவ்வாய் என்று திகதி வந்தது. மச்சாள் மஞ்சளோடு வந்தார். எந்தக் காசை முடிவது என்று யோசித்து, தம்பியின் சின்னப் போத்தலை மேசையில் கவிழ்த்துக் கிளறினார். தம்பி பிறந்த வருடம் பொறித்த காசு ஒன்று கிடந்தது. பழைய காசு. முழுச் செம்பு.

"பாத்தீரோ பிள்ளை? தம்பிக்கெண்டு காத்துக்கொண்டு கிடந்திருக்கு," என்றார். கழுவினார். முடிந்தார். வேல் படத்தின் கீழே வைத்தார். என் கணவர் அப்போது வேலைக்குப் போயிருந்தார். எந்தக் காசு என்று அவருக்குத் தெரியாது. காசு முடிந்திருக்கிறது என்று மட்டும் தெரியும்.

மச்சாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மகள் சின்னவளாய் இருந்தபோது மச்சாள் வீட்டுக் குத்துவிளக்கை ஓடிப்போய்த் தட்டி விழுத்தினாள். அதே வாரம் மச்சாளின் கணவருக்கு வேலை போனது. மச்சாள் அவளை அடிக்கவில்லை, ஏசவில்லை. ஆனால் இன்றுவரை, குடும்பம் கூடுகிற இடங்களில், சோற்றைப் பிசைந்தபடி, "இவள் விளக்கை விழுத்தின கிழமை" என்றுதான் அந்த நாட்களைச் சொல்வார். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

*

ஆற்று நடுவிலுள்ள தீவில் ஓர் உல்லாசப் பூங்கா. அங்குள்ள யந்திரத்தில் நாலு படங்கள். உயர ஏறிக் கவிழ்ந்து ஓடும் மரத்தாலான மலைத்தொடருந்து, வாணவேடிக்கை, பாலம், ராட்டினம். முதல் மூன்றும் போத்தலில் இருந்தன. ராட்டினம் இல்லை. ஒக்டோபரோடு பூங்கா மூடிவிடும்.

"ஒண்டு குறையுது," என்றார். "செவ்வாய்க்கு முதல் எடுத்திட்டால் நல்லது."

மச்சாள் தொலைபேசியில் கத்தவில்லை. தாழ்ந்த குரலில் கேட்டார்: "அங்கை இப்ப பேய் விழாவுக்கெண்டு சுடலை மாதிரிச் சோடிச்சிருப்பினம். ஒப்பிரேசனுக்குப் போறவன் போற இடமே அது?"

"அக்கா, எல்லாம் பிளாஸ்ரிக் எலும்புதானே."

"எலும்பு எலும்புதான்ரா."

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் போனோம். மெற்றோவின் செம்மஞ்சள் கோட்டில் வந்து, மஞ்சள் கோட்டுக்கு மாறி, ஆற்றுக்கு அடியால் ஓர் ஓட்டம். சுரங்கத்துக்குள் மெற்றோ கொஞ்ச நேரம் நின்றது. விளக்கு அணையவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் கூரையைப் பார்த்தோம். தலைக்கு மேலே ஆறு.

வெளியே வந்தால் மேகம் தாழ்ந்து, பச்சைப் பாலத்தின் முதுகைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. புல்வெளி முழுவதும் பொய்க் கல்லறைகள். 'இங்கே உறங்குகிறார்' என்று பிரெஞ்சில் எழுதி, கீழே பகிடிப் பெயர்கள். மகள் வாசித்து வாசித்துச் சிரித்தாள். பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் அவளுக்கு; ஆனாலும் அந்த வாசலுக்குள் வந்தால் பழைய ஏழு வயது திரும்பிவிடும்.

அவர் ஒரு கல்லறையில் கை ஊன்றி நின்றார். மூச்சு வாங்க வேறு இடம் இருக்கவில்லை. கல் நுரையால் செய்தது. அவர் பாரத்துக்குச் சரிந்தது.

"பாத்து நில்லுங்கோ."

"உள்ளுக்கு ஒண்டுமில்லை இது. வெறும் கோது."

புகை விடும் யந்திரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பேய் ஓடி வந்தது. கையில் கோடரி, முகத்தில் கிழிந்த தோல். இளம்பிள்ளைகள் கூவிக்கொண்டு சிதறினார்கள். பேய் அவரிடம் வந்ததும் நின்றது. கோடரியைத் தாழ்த்தியது. முகமூடியைக் கொஞ்சம் உயர்த்தி, பிரெஞ்சில், மெதுவாக, "ஐயா, உங்களுக்குச் சுகமில்லையா? யாரையும் கூப்பிடவா?" என்று கேட்டது. ஒரு பெண்பிள்ளையின் குரல்.

அவர் சிரித்து, தலையை ஆட்டி, "மெர்சி" என்றார்.

பேய் போய்விட்டது. திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு போனது. அன்று என்னை முதலில் பயப்படுத்தியது அந்தக் கனிவுதான்.

*

யந்திரம் ஆற்றுப் பக்கம், பூட்டிய சோளப்பொரிக் கடைக்குப் பின்னால் நின்றது. பழைய வகை. புதியவை தாங்களே செம்புத் தகடு தரும். இதற்கு எங்கள் காசை நாங்கள் கொண்டுபோக வேண்டும். அவர் சட்டைப் பையிலிருந்து தெப்பனேர்க்காரரின் சதங்களை எடுத்து உள்ளங்கையில் பரப்பினார்.

"எல்லாம் நரைச்சது," என்றார். "கடைசிப் படம். ஒரு நல்ல செம்பு கிடைச்சிருந்தால்."

மகள் அதற்காகவே காத்திருந்தவள்போல முன்னால் வந்தாள். குளிர்ச்சட்டைப் பையிலிருந்து ஒரு சதத்தை எடுத்து அவர் விரல்களுக்குள் வைத்தாள்.

"இந்தாங்கோ அப்பா. பழசு. முழுச் செம்பு."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார், குளிரில் பனி படிகிறது என்று. காசை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அப்படி மலர்ந்து பல மாதம். ராட்டினப் படத்துக்கு முள்ளைத் திருப்பினார். காசை வைத்தார். கைபிடியைச் சுற்றத் தொடங்கினார். கடகட, கடகட. கண்ணாடிக்குள் உருளைகள் காசின் விளிம்பைக் கௌவின.

"எங்கையடி குஞ்சு பிடிச்சனி இதை?"

"சாமித் தட்டிலை. சின்ன மஞ்சள் துணிக்குள்ளை கட்டி வச்சிருந்தது. உங்கட போத்தல் காசுதானே, அம்மா ஒளிச்சு வச்சவா எண்டு நினைச்சன்." சிரித்தாள். "சும்மா எடுக்கேல்லை. ஒரு இருபத்தஞ்சு சதக் குவாட்டர் வச்சுத் திருப்பிக் கட்டிப்போட்டன்."

கைபிடி நின்றது.

நான் கண்ணாடிக்குள் பார்த்தேன். காசின் ஒரு பாதி இன்னும் வட்டமாய், மஞ்சளின் கறையோடு, வெளியே தெரிந்தது. மறு பாதி உருளைகளுக்குள் போய்விட்டது. மேலே பாலத்தில் வாகனங்கள் ஒரே இரைச்சலாய் ஓடின. ஆறு அசையாததுபோலக் கிடந்தது. மகளை எல்லாக் கோயிலுக்கும் கூட்டிப்போயிருக்கிறோம், திருநீறு பூசியிருக்கிறோம், தேவாரம் பாடப் பழக்கியிருக்கிறோம். மஞ்சள் துண்டில் முடிந்த காசைத் தொடக்கூடாது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. அது சொல்லிக்கொடுக்க வேண்டிய ஒன்று என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அவள் அந்த முடிச்சைக் காசு ஒளித்துவைக்க ஒரு நல்ல பெட்டி என்று நினைத்திருக்கிறாள்.

"நிப்பாட்டுங்கோ," என்றேன். "பின்னுக்குச் சுத்துங்கோ."

அவர் என்னைப் பார்க்கவில்லை. காசைப் பார்த்தார். கை கைபிடியிலேயே இருந்தது. தூரத்தில் மலைத்தொடருந்து ஒருமுறை ஏறி, கூச்சல்களோடு விழுந்து, திரும்ப ஏறியது.

"உள்ளுக்குப் போனதைப் பின்னுக்கு இழுக்கக்கூடாது," என்றார்.

சுற்றினார்.

காசு தட்டில் விழுந்த சத்தம் பெரிதாய் இருந்தது. எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சூடு. உயிருள்ள ஒன்றைத் தொட்டதுபோன்ற சூடு. ராட்டினம் வெகு துல்லியமாகப் பதிந்திருந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் மேப்பிள் இலை அழிந்துவிட்டது, ஆனால் வருடம் போகவில்லை. அவர் பிறந்த வருடம், இழுபட்டு, மங்கி, நீண்டு கிடந்தது.

அப்போதுதான் அவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அது தன் வருடத்துக் காசு என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"என்னப்பா, பழுதாப் போச்சோ?" மகள் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"இல்லைக் குஞ்சு. வடிவா வந்திருக்கு. இஞ்ச பார், அப்பான்ரை வருசம் நீண்டிருக்கு. நல்ல சகுனம்தானே?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்க முயன்றேன். பொய்ப் புகை எங்கள் காலடியில் வந்து தேங்கியது.

*

திரும்பும்போது மெற்றோவில் மகள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

"ஐயரைக் கேப்பம்," என்றேன். "பரிகாரம் ஏதும் இருக்கும்."

"ஐயரைக் கேட்டால் ஐயர் முதல் அக்காவுக்குத்தான் போன் எடுப்பார்."

"வேறை காசு ஒண்டு வச்சு முடிவம்."

"எத்தினை தரம் ஏமாத்துறது? எனக்குச் சரிவந்தால் பகிடியாப் போகும். சரிவராட்டி..." மகளைப் பார்த்தார். அவள் தலை யன்னலில் மெல்ல மெல்ல இடித்துக்கொண்டிருந்தது. "அந்த விளக்குக் கதையே இன்னும் முடியேல்லை."

வீட்டுக்கு வந்து இரும்புப் படி ஏறினோம். படியின் நடுவில் அவர் நின்றார். மேப்பிளில் கடைசி இலைகள் இருந்தன. இந்த முறை பார்ப்பதற்கு ஏதோ இருந்தது.

*

இன்று புதன்; நாளை மறுநாள் மச்சாள் வருவார். மஞ்சள் முடிச்சு இன்னும் வேல் படத்தின் கீழே கிடக்கிறது. கையில் எடுத்துப் பார்த்தேன். குவாட்டர், சதத்தைவிடப் பெரிது, விரலுக்குத் தெரிகிறது. மச்சாளின் விரலுக்குத் தெரியாமல் போகுமா? அந்த வருடத்துச் சதம் ஒன்றைத் தேடிப் பிடிக்கலாம், பழைய காசு விற்கும் கடைகள் இருக்கின்றன. முடிச்சு வரை கை போகிறது. அவிழ்க்கப் போகவில்லை.

மகள் மத்தியானம் தொலைபேசி எடுத்தாள். இப்போது வேலை செய்கிறாள், வேறு வீடு. வெள்ளிக்கிழமை தானும் வருகிறாளாம், மாமியைப் பார்த்துக் கனகாலமாம்.

"மாமி என்னத்துக்கு வாறா, அம்மா?"

"சும்மா. சாமி கும்பிட."

அவள் எங்கள் சாமியறைக்குள் போய் எவ்வளவோ காலம். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவளும் அந்த மஞ்சள் துணி என்னவென்று என்னிடம் கேட்டதில்லை. எங்கேயோ, யாரிடமோ, கேட்டு அறிந்திருப்பாளோ என்ற நினைப்புத்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரியில், அவரைச் சில்லு வைத்த கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். மச்சாள் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். தாதி வந்து தொப்பி போடுவதற்காக அதைத் துடைத்துவிட்டாள், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு. மச்சாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாழ்வாரத்தின் மறுகோடிக்குப் போனார். மகள் அவர் பின்னால் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் யன்னலோரம் நின்றார்கள், ஒருவரில் ஒருவர் சாய்ந்து.

கட்டிலில் அவர் தன்னை மூடியிருந்த விரிப்பின் ஓரத்தை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார்.

"எங்கட உருளையிலை வந்த துணி," என்றார். "மடிப்பிலை தெரியும்."

கையில் உலோகம் ஒன்றும் இருக்கக்கூடாது என்றாள் தாதி. மோதிரத்தை முதலே கழற்றியிருந்தோம். அவர் மற்றக் கையைத் திறந்தார். நீண்ட காசு இருந்தது. அதை எப்போது போத்தலிலிருந்து எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடினார். மறுபடியும் அந்தச் சூடு.

ஒப்பிரேசன் அறையிலிருந்து அவர் உயிரோடு வெளியே வரவில்லை. ஆகவே அவர் பேசி நான் கேட்ட கடைசி இதுதான். கட்டில் நகரத் தொடங்கியிருந்தது. நான் அதோடு நடந்தேன். அவர் தாழ்வாரக் கோடியில் நின்ற இருவரையும் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைக் குனியச் சொன்னார்.

"இஞ்சேரும், அக்காவுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதையும். காசை நான்தான் எடுத்தனான் எண்டு, நான் வந்து சொல்லுறன்."